தைத்த கை

"சரி மேடம்" என்று சொல்லிச் செல்வக்கனி போனை வைத்தபோது விளையாட்டறைக் கடிகாரத்தில் மணி மூன்றே கால். நாலு மணிக்குத் தர்ஷிகா வருவாள். எதற்குச் சரி என்று சொன்னோம், ஒரு நிமிஷம் இருங்க மேடம், நான் ஒரு காரியம் பண்ணிட்டேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். வாய் தன்போக்கில் சரி என்றுவிட்டது, யார் என்ன சொன்னாலும் முதலில் சரி என்றே பழகிய வாய். மனசு நொந்த பிள்ளைகளை விளையாட வைத்தே தேற்றும் மெஹருன்னிசா மேடம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தார், பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. "அக்கா, கீழ்த்தட்டுல கை பிஞ்ச துணிப்பொம்மை ஒண்ணு படுத்திருக்கும். போன வாரம் தர்ஷிகா வச்சது. அத அப்படியே விட்டுருங்க, தூசிகூடத் தட்ட வேண்டாம். பக்கத்துல அந்த வெள்ளைத் துணிச்சுருள மட்டும் வைங்க" என்றார். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடாதவர், சந்தோஷம் தாங்காமல் இன்றைக்குச் சொல்லிவிட்டார்: "அவ அதுகூடப் பேசினாக்கா. ஏழு மாசத்துல முதப் பேச்சு. அடுத்த வாரம் வந்து கட்டுப் போடுதேன், அதுவரைக்கும் இப்படியே இருன்னு சொல்லிட்டுப் போயிருக்கா." அந்தப் பொம்மை இப்போது செல்வக்கனியின் மடியில் கிடந்தது. அதற்கு இரண்டு கையும் இருந்தன. செவ்வாய்க்கிழமை அவள்தான் தைத்திருந்தாள்.

என்ன வேலை என்று மருமகள் ஒருமுறை கேட்டபோது, அடுக்குற வேலை என்று சொன்னாள். அதுதான் சரி. ஒரு பிள்ளை போனதும் அடுத்த பிள்ளை வருவதற்குள் அறையை அடுக்க வேண்டும். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு படம் ஒட்டியிருக்கிறது, எந்த மிருகம் எந்தத் தட்டில், எந்தக் கார் எந்தப் பக்கம் பார்த்து, மண்தொட்டியில் மண் எவ்வளவு சமமாக. வீட்டில் எது மாறினாலும் இந்த அறை மாறாது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் கை துணிந்து எடுக்கும் என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேடம் சொல்லிக் கொடுத்தார். பெரியவங்க வாயால சொல்லுறத இதுங்க கையால சொல்லும்க்கா. செல்வக்கனிக்குப் பிள்ளைகளின் கதை தெரியாது, அவர்கள் விட்டுப்போனது தெரியும். திங்கட்கிழமைப் பையன் எல்லா டைனோசரையும் மெத்தைக்கு அடியில் ஒளித்துவிட்டுப் போவான். புதன்கிழமைப் பெண் மண்ணில் ஒரு குழி, அதற்குள் ஒரு குழி, அதற்குள் ஒரு நாய்க்குட்டி. ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்து, துடைத்து, படத்தில் உள்ளபடி நிறுத்தும்போது எதையோ கேட்டுவிட்டுக் கேட்காததுபோல் நகர்ந்து வருவதாக அவளுக்குத் தோன்றும். படத்துக்கு மாறாக அவள் ஒரே ஒரு காரியம்தான் செய்வாள். படத்தில் பொம்மை வீட்டின் வாசல் கதவு மூடியிருக்கும். அவள் அடுக்கிய அறையில் அது விரல் நுழையும் அளவு திறந்திருக்கும். "அக்கா, கதவு" என்று மேடம் இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்லவில்லை, தானே மூடினார். ஏன் திறந்து வைக்கிறோம் என்று செல்வக்கனிக்கே தெரியாது, அல்லது தெரியும், அதைப் பற்றி நினைப்பதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. உடைந்தது உடைந்தபடி இருக்கட்டும், என்னிடம் கேட்காமல் எதையும் ஒட்டாதீர்கள், தைக்காதீர்கள். சக்கரம் போன காரை அவள் தொட்டதில்லை, தும்பிக்கை ஒடிந்த யானை ஒடிந்தபடியே வரிசையில் நிற்கிறது. ஆனால் துணி வேறு. இருபத்திரண்டு வருஷம் ஒரு தையல்கடையில் உட்கார்ந்தவளுக்குப் பிரிந்த துணியைக் கண்டால் விரல் தானாக அரிக்கும். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மழை, ஒரு பிள்ளையும் வரவில்லை, மேடம் மதுரைக்குப் போயிருந்தார். அவள் திரைச்சீலை விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்தால் எதிரே கீழ்த்தட்டில் அந்தப் பொம்மை, முகம் சுவரைப் பார்க்க, தோளில் ஓட்டையோடு, பஞ்சு பிதுங்கி, கை தனியாகப் பக்கத்தில். பாவமாக இருந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். இப்போது நினைத்துப் பார்த்தால் பாவம் இல்லை, பயம். அந்த ஓட்டை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஊசியில் நூலும் இருந்தது, அதே சந்தன நிறம். பஞ்சை உள்ளே தள்ளி, விளிம்பை மடித்து, நூல் வெளியே தெரியாதபடி பொடித்தையலாகச் சுற்றிலும் இருபத்திரண்டு. கடைசியில் முடிச்சைக்கூட உள்ளே இழுத்துப் புதைத்தாள். பிறகு பொம்மையை முகம் இந்தப் பக்கம் தெரிய உட்கார்த்தி வைத்தாள். நல்ல வேலை என்று தன்னையே மெச்சிக்கொண்டு, மழை விட்டதும் ஒரு டீ குடித்தாள். அந்த டீயின் இனிப்பு இப்போது நாக்கில் புளித்தது.

மணி மூன்றரை. தர்ஷிகாவின் அம்மா இசக்கி வெளி பெஞ்சில்தான் உட்கார்வாள், எப்போதும் வலப்பக்கம் சுவரை ஒட்டி, முந்தானையை வலத்தோள் முழுக்க இழுத்துப் போட்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் கரும்புச்சாறு வண்டி வைத்திருந்தவள். மெஷின் கரும்போடு சேர்த்துக் கையையும் இழுத்தபோது, அடுத்த கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றது ஆறு வயது மகள். வண்டியை விற்றார்கள், வேறு தெருவுக்குக் குடி மாறினார்கள், அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஒருநாள் பெஞ்சில் இருந்தபடி இசக்கியே சொன்னாள்: "கை தூங்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன்க்கா. துணிக்குள்ள தூங்குது, எழுப்பக் கூடாதுன்னு. சின்னப் புள்ளைக்கு என்ன தெரியப் போவுது." அதற்கு செல்வக்கனி, "அதானே, என்ன தெரியப் போவுது" என்றாள். அதையும் சொன்னது இந்த வாய்தான். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டு அத்தை நார்ப்பெட்டி முடைந்துகொண்டே அதே வார்த்தையைத்தான் சொன்னாள், சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியப் போவுது, தூத்துக்குடிச் சித்தி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. செல்வக்கனி அப்போது நடுவீட்டில் நின்றாள், ஏழு வயது. அக்காளின் தட்டு அடுப்படியில் இல்லை. அக்காளின் தலகாணி இல்லை. வாசலில் நேற்று ஊரே கூடி நின்றது, யாரையோ பாயில் சுற்றித் தூக்கிப்போனார்கள், பாயின் ஓரத்தில் ஈரச்சடை ஒன்று தொங்கியது, சிவப்பு ரிப்பன். தூத்துக்குடிக்குப் போகிறவளை ஏன் பாயில் சுற்ற வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் வேறொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அதை மட்டும் நினைக்காதே என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மண்தொட்டியை அளவுகோலால் சமப்படுத்தினாள், ஏற்கெனவே சமமாக இருந்த மண். கத்தரிக்கோல் மேசை இழுப்பறையில் இருக்கிறது, பிரித்துவிட்டால் என்ன? இருபத்திரண்டு தையல், கால் மணி நேரம் போதும். பிரித்துப் பஞ்சைப் பிதுக்கி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, கையைப் பக்கத்தில் போட்டுவிட்டால் மேடத்துக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. தெரியாது, தெரியாது, இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை வீடு கட்டியிருக்கிறார்கள். கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் தையல் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை, நகத்தால் தடவித்தான் கண்டுபிடித்தாள். வெட்டினாள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தில் அம்மா கண்முன்னே வந்தாள், நீலப் பாவாடையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா பொன்ராணியின் நீலப் பாவாடை. அவள் போன பதினேழாம் நாள் அம்மா அதை எடுத்து, இடுப்பில் பிடித்து, கீழே மூன்று மடிப்பு மடித்துத் தைத்து, ஒன்றும் சொல்லாமல் செல்வக்கனிக்குப் போட்டுவிட்டாள். அந்தப் பாவாடைக்குத்தானே அன்றைக்குச் சண்டை. செல்வக்கனி அதைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பொன்ராணி வெளியே நின்று தட்டினாள். "ஏட்டி, கதவத் தொறட்டி. குளிக்கப் போணும், பாவாடையத் தாட்டி." இவள் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாவாடை தரையில் புரள, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். "வாரியா, நான் மட்டும் போவா?" இரண்டு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டு தட்டு, மெதுவாக. பிறகு இல்லை. வாய்க்காலில் அன்றைக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு மடிப்பாக அம்மா அந்தப் பாவாடையைப் பிரித்துவிட்டாள், முதல் மடிப்பு, இரண்டாம் மடிப்பு. மூன்றாவதும் பிரிந்தபோது அது செல்வக்கனிக்குச் சரியாக இருந்தது. அதற்கடுத்த வருஷம் அவள் அக்காளைவிடப் பெரியவளாகிவிட்டாள்.

பிள்ளையின் நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெளியிலிருந்து கதவைத் தட்டுவதும் அவள் வேலைதான். இந்த வேலையில் அவளுக்குப் பிடிக்காதது அது ஒன்றே. விரல் மடக்கி இரண்டு தட்டு, தட்டியதும் உள்ளே ஒரு நொடி அமைதி விழும், அந்த நொடியில் ஒவ்வொரு தடவையும் அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள், திறக்காமலே இருந்துவிட்டால் என்று. போன வாரம் தட்டக் கை ஓங்கியபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது, கட்டிக்கொண்ட, கம்மிய, புதுக்குரல். "வலிக்குதா?" அவ்வளவுதான். கேட்டதும் தட்ட மனம் வரவில்லை, முழுதாக ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் தட்டினாள். அந்தக் கேள்வி யாருக்கு என்று அப்போது தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு உரிய பொம்மை இப்போது மடியில் இருக்கிறது. அவள் இரண்டாம் தையலுக்குக் கத்தரியைக் கொண்டுபோனாள், கை அங்கேயே நின்றுவிட்டது. பிரித்தாலும் துளை இருக்கும், இருபத்திரண்டு இரட்டைத் துளை. கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்த கண்ணுக்கா அது தெரியாது? தடவிப் பார்க்கும், இங்கேயும் யாரோ மூடியிருக்கிறார்கள், மூடிவிட்டுத் திறந்து வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும், வாயை மறுபடி மூடிக்கொள்ளும். இந்தத் தடவை எத்தனை மாசமோ. எத்தனை வருஷமோ. நாற்பத்தாறு வருஷமாகச் சிலர் மூடியே வைத்திருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், மருமகளோடு சிரித்துப் பேசுகிறார்கள். கடிகாரம் நாலுக்கு ஆறு நிமிஷம் காட்டியபோது படிக்கட்டில் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. கத்தரிக்கோலை ஒளிக்க அவள் கை போனது. போன கையை அவளே பிடித்து நிறுத்தினாள்.

"மேடம், நான் தைச்சுட்டேன்" என்றாள், அவர் உள்ளே கால் வைப்பதற்குள். மெஹருன்னிசா பையைக்கூட இறக்காமல் பொம்மையை வாங்கிப் பார்த்தார், தோளைத் தடவினார், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. "ஒரு தையல் பிரிச்சேன் மேடம். மிச்சம் இருக்கு. பிரிச்சு வச்சா அவளுக்குத் தெரியாதுன்னு..." மேடம் நிமிர்ந்தார். "நல்லவேளை, ஒண்ணோட விட்டீங்க. அவ வீட்டுல எல்லாருமே அவளுக்குத் தெரியாதுன்னுதான்க்கா இருக்காங்க." கீழே ஆட்டோ ஒன்று வந்து நின்றது. "நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க மேடம்" என்றாள் செல்வக்கனி. "நான் எப்படிச் சொல்ல? நானா தைச்சேன்?" என்றார் மேடம், சிரிக்காமல். "இன்னைக்கு உள்ள இருங்க. நடந்ததச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டாம், சமாதானமும் பண்ண வேண்டாம்."

தர்ஷிகா செருப்பை வாசலில் ஜோடியாக விட்டு உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை, நேராகக் கீழ்த்தட்டு. முகம் இந்தப் பக்கம் தெரிய, இரண்டு கையோடு உட்கார்ந்திருந்த பொம்மையின் எதிரே நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். வெள்ளைச் சுருளைப் பார்த்தாள், பொம்மையை எடுத்தாள், தைத்த கையைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள். வரவில்லை. அவள் முகத்தில் ஏதோ இறங்கியது, கடையில் ஷட்டர் இறக்குவதுபோல, அதைச் செல்வக்கனி தன் கண்ணால் பார்த்தாள். பொம்மையை வைத்துவிட்டுப் பிள்ளை திரும்பிக் கதவுக்குப் போனாள், எட்டித் தாழ்ப்பாளில் கை வைத்தாள். "தர்ஷிகா" என்றாள் செல்வக்கனி. தன் குரல் இவ்வளவு சின்னதா? முழங்காலை ஊன்றித் தரையில் உட்கார்ந்தாள். "அத நாந்தான்மா தைச்சேன். கை இல்லாமக் கெடந்துச்சு, அதப் பார்க்க எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் தைச்சு மூடிட்டேன். உங்கிட்டயும் கேக்கல. அதுகிட்டயும் கேக்கல." தாழ்ப்பாளில் கை அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியை உருட்டினார்கள். பிள்ளை திரும்பாமலே, கதவைப் பார்த்துக் கேட்டது: "வலிச்சுச்சா?" இல்லடா கண்ணு, ஒண்ணும் வலிக்கல, அதெல்லாம் வலிக்காது, செல்வக்கனியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள். "தெரியலம்மா. வலிச்சிருக்கும். நான் கேக்கவே இல்ல."

தர்ஷிகா கதவை விட்டு வந்தாள். பொம்மையை எடுத்துச் செல்வக்கனியின் மடியில் வைத்தாள். "பிரிங்க." கத்தரிக்கோல் தோளைத் தொட்டதும் "மெதுவா" என்றாள், பொம்மையின் இன்னொரு கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். செல்வக்கனி மெதுவாகப் பிரித்தாள். டிக். வாழ்நாளில் இத்தனை மெதுவாக அவள் எதையும் பிரித்ததில்லை. டிக். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை குனிந்து ஊதியது, மூச்சு செல்வக்கனியின் விரலில் வெதுவெதுப்பாகப் பட்டது. முதல் மடிப்பு, இரண்டாம் மடிப்பு, அம்மா ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவுக்கும் அந்த ஓட்டையைப் பார்க்கப் பயமோ, டிக், யாராவது ஒருத்தர் எதிரே உட்கார்ந்து வலிக்குதா என்று கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேனே. கடைசித் தையலில் கை தனியே வந்தது. பஞ்சு பிதுங்கிய இடத்தில் தர்ஷிகா ஒரு விரலை வைத்தாள். "இங்கதான்" என்றாள். வெள்ளைத் துணியைச் சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள், கழுத்து, முதுகு, மறுபடி தோள், பொம்மையில் பாதி துணியாகும் வரை. பிறகு கழன்ற கையை எடுத்துக்கொண்டு மண்தொட்டிக்குப் போனாள். குழி தோண்டி, அதற்குள் வைத்து, மண்ணை மூடி, உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கினாள். மேடத்தை நிமிர்ந்து பார்த்து, ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறவள்போலச் சொன்னாள்: "இது தூங்கல. இது போயிட்டு." மேடம் தலையசைத்தார். "ஆமா. போயிட்டு" என்றார். அப்புறம்தான் பிள்ளை அழுதது, வாய்விட்டு, மூக்கு ஒழுக, ஆறு வயதுக்குரிய அழுகை. நாலே முக்காலுக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. தட்ட வேண்டியவள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே இசக்கி எழுந்து வழக்கம்போல இடது கையை நீட்டினாள். தர்ஷிகா அதைப் பிடிக்காமல் பின்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றாள், முந்தானைக்கு அருகில், அதைத் தொடாமல். இசக்கியின் தோள் சுவர்ப்பக்கம் திரும்பப் போனது. பாதியில் நின்றுவிட்டது. இருவரும் அப்படியே படியிறங்கினார்கள்.

"இன்னைக்கு மண்ணத் தொட வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டு மேடம் வாசல் வரை அவர்களோடு போனார். செல்வக்கனி மற்றதை அடுக்கினாள். மிருகங்கள், கார்கள், தும்பிக்கை ஒடிந்த யானை. கட்டுப் போட்ட பொம்மையைப் பிள்ளை வைத்த இடத்திலேயே விட்டாள். கடைசியில் பொம்மை வீட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். வாசல் கதவு விரல் நுழையும் அளவு திறந்திருந்தது. அதைப் படத்தில் உள்ளபடி முழுக்க மூடினாள். சுண்டுவிரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே பாவாடை தரையில் புரள ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கேட்டது, நாற்பத்தாறு வருஷமாக அதே மூச்சு. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, இன்னும் இரண்டு. பிறகு நகத்தால் கதவை நெம்பித் திறந்தாள், கீல் முறியும் அளவுக்கு அகலமாக. "தொறந்துட்டேன், பொன்ராணி" என்றாள், சத்தமாகவே. "வாரேன். நானும் வாரேன்." வெளியே மேடத்தின் செருப்புச் சத்தம் அறைக்கதவு வரை வந்து நின்றது. தட்டவில்லை.